சக்கரத் தடம் – 21: மட்கார்டு இல்லாத வேகம்

மழை நாளில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்குப் பின்னால் போயிருக்கிறீர்களா? தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில், வானத்திலிருந்து விழும் தண்ணீரைவிட லாரியின் டயர்கள் வாரி இறைக்கும் தண்ணீர்தான் அதிகத் தொல்லை. வைப்பரை எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் கண்ணாடி தெளியாது. கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் ஒன்று புரியும். அந்தத் தண்ணீர் நேராகப் பின்னால் வருவதில்லை. டயரின் இருபுறமும் பீய்ச்சியடித்து, சுருண்டு, மேலெழுந்து, புகைபோலத் தொங்குகிறது. மழை இல்லாத நாளிலும் டயரைச் சுற்றி இதே கூத்துதான். காற்றுக்கு நிறமில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

சென்ற வாரம் மாட்டுவண்டியின் இரும்புப் பட்டையிலிருந்து காற்றடைத்த டயருக்கு வந்து சேர்ந்தோம். அந்த டயரை எதைக்கொண்டும் மூடாமல், நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு ஓடுகிற பந்தயக் கார்கள் இந்த வாரம். ‘ஓப்பன் வீல்’ என்பார்கள். காற்றைக் கிழிப்பதற்கென்றே கூர்மூக்கு வைத்துச் செய்த காரில், காற்று வந்து முட்டும் நான்கு உருளைகளை ஏன் மூடாமல் விட்டார்கள்?

மூடாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்கார்டு கழன்ற சைக்கிளை மழையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் நட்டநடுவே ஒரு சேற்றுக்கோடு. சைக்கிள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும்போது, தரையைத் தொடும் டயர்ப் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. டயரின் உச்சியோ 30 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் சேற்றை முதுகுவரை கொண்டுவருகிறது. 300 கி.மீ. வேகத்தில் போகும் பந்தயக் காரில் டயரின் உச்சி 600 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றில் போய் மோதுகிறது. காரின் வேறெந்தப் பகுதிக்கும் இந்தத் தலைவிதி கிடையாது.

கீழே நடப்பது வேறு கதை. டயரும் தரையும் சேரும் இடத்தில் ஆப்பு போன்ற ஒரு குறுகிய சந்து இருக்கிறது. சுழன்று இறங்கும் டயர் ஒரு பக்கமும், எதிரே ஓடிவரும் தரை மறுபக்கமுமாகக் காற்றை அந்தச் சந்துக்குள் திணிக்கின்றன. பாலக்கோட்டுப் பக்கம் விளையும் கரும்பை மெஷினின் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் சாறு எப்படிப் பக்கவாட்டில் பீறிடுமோ, அப்படிக் காற்று டயரின் இரு ஓரங்களிலும் பீறிடுகிறது. லாரி டயரிலிருந்து பக்கவாட்டில் அடித்த தண்ணீர் இதைத்தான் காட்டிக்கொடுத்தது.

டயரின் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க ஒகேனக்கல் போகலாம். காவிரி ஒரு பாறையில் மோதிப் பிரிந்தால், பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துத் திரும்பி மேல்நோக்கியே ஓடும். பாறைக்கு நகரத் தெரியாது, தப்பித்தது. காரோ தன் நான்கு பாறைகளையும் அவற்றின் நான்கு சுழல்களையும் இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். டயரின் முன்புறம் காற்று அழுத்துகிறது, பின்புறம் அழுத்தம் குறைந்து பின்னோக்கி இழுக்கிறது. பார்முலா 1 பந்தயக் காரை எதிர்க்கும் மொத்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த நான்கு டயர்களின் கணக்கில் சேரும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை 4 மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போக இன்ஜினின் திறன் 8 மடங்கு வேண்டும்.

இதை அளப்பதும் லேசான காரியமாக இல்லை. ஆரம்ப நாட்களில் காற்றுச் சுரங்கத்தில் சக்கரத்தை அசையாமல் நிறுத்திவைத்தே அளந்தார்கள். 1970களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேக்ரெல், ஹார்வி என்ற இருவர் ஓடும் பட்டையின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, டயரின் மேற்பரப்பிலேயே அழுத்தத்தை அளந்தார்கள். உச்சியில் காற்று டயரைவிட்டுச் சீக்கிரமே பிரிகிறது, ஆனாலும் சுழலும் சக்கரத்துக்குத் தடையும் தூக்குவிசையும் நிற்கும் சக்கரத்தைவிடக் குறைவு என்று தெரிந்தது. தரையோரச் சந்தில் காற்று பீறிடுவதும் அளவையில் பிடிபட்டது.

மூடிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். மூடிப் பார்த்தவர்கள் உண்டு. 1954 ஜூலை 4 அன்று பிரான்சின் ரைம்ஸ் களத்தில் மெர்சிடிஸ் நிறுவனம் தன் டபிள்யூ 196 காரை இறக்கியது. நான்கு சக்கரங்களும் தகட்டுக்குள். நீண்ட நேர்சாலைகள் கொண்ட அந்தக் களத்தில் அதன் ஓட்டுநர்கள் பாஞ்சியோ முதலிடம், கிளிங் இரண்டாமிடம். மற்ற அணிகள் வாயடைத்துப் போயின.

இரண்டே வாரத்தில் கதை மாறியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் வளைவுகளின் உள்ஓரத்தை எண்ணெய்ப் பீப்பாய்கள் வைத்துக் குறித்திருந்தார்கள். முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது பாஞ்சியோவுக்குத் தெரியவில்லை. பீப்பாய்களில் இடித்து இடித்துக் காரின் தகடு நசுங்கியது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர் நான்காவதாக வந்தார். அடுத்த பந்தயத்தில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், மெர்சிடிஸ் சக்கரங்களைத் திறந்துவிட்ட காரைக் கொடுத்தது. பாஞ்சியோ ஜெயித்தார். நேர்சாலை மிகுந்த இத்தாலியின் மோன்சாவுக்கு மூடிய கார் மறுபடி வந்தது.

காற்றுக்கு வேண்டியது மூடிய சக்கரம். ஓட்டுகிறவனின் கண்ணுக்கு வேண்டியது திறந்த சக்கரம். டயர் எந்தப் பக்கம் திரும்புகிறது, வளைவின் ஓரத்தை எத்தனை விரற்கடையில் உரசுகிறது என்பதை அவன் பார்த்தே ஓட்டுகிறான். பிற்காலத்தில் சக்கரம் திறந்தே இருக்க வேண்டும் என்பது பார்முலா 1 விதியாகவே நிலைத்தது.

இருசக்கர வண்டியிலும் இதே வழக்கு நடந்தது. 1950களில் பந்தய மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்தை முழுசாக மூடும் ‘குப்பைத்தொட்டி’ முகப்புகள் வந்தன. வேகம் கூடியது. பக்கக்காற்று அடித்தால் வண்டி தடுமாறியது. 1957 பருவத்தோடு அவற்றுக்குத் தடை விழுந்தது. நம் தருமபுரிக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் என்ன உறவு என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்குள்தான், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை, ஓசூரும் இருந்தது. ஓசூரில் மொபெட் செய்த டிவிஎஸ், 1982இல் தன் சொந்தப் பந்தய அணியைத் தொடங்கியபோது அந்த முகவரி தருமபுரி மாவட்டம்.

நான்கு சக்கரத்தில் அந்தப் பெருமை கோவைக்கு. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் 1980களின் இறுதியில் ‘பார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்யப் பணமும் அனுமதியும் எல்லோருக்கும் வாய்க்காத காலம். அவர் எடுத்துக்கொண்டது தெருவில் ஓடிய மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 40 குதிரைத்திறனைத் தொடாது. இவ்வளவு சிறிய இன்ஜினுக்குத் திறந்த சக்கரங்கள் பெரிய சுமை.

அந்தச் சுமையே ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடமானது. குறைந்த திறன் கொண்ட காரில் தனியாகப் போனால் காற்று முழுவதும் நம் தலையில். முன்காரின் முதுகோடு ஒட்டிப் போனால், அதன் டயர்களும் உடலும் கலைத்துவிட்ட காற்றில் தடை குறையும், வேகம் கூடும். நேர்சாலையின் கடைசியில் சட்டென விலகி முந்தலாம். இருங்காட்டுக்கோட்டை களத்தில் இந்த வித்தையைப் பழகியவர்களில் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் பார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் 14 கார்கள் தங்கள் டயரை நம்ப முடியாமல் விலகிக்கொள்ள, ஓடிய 6 கார்களில் நான்காவதாக வந்து புள்ளி எடுத்தார். அங்கேயும் வழக்கு டயரோடுதான். கரிவரதன் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயக் களம் அவர் பெயரில் இருக்கிறது.

ஒட்டிப் போவதில் ஆபத்தும் உண்டு. சக்கரம் முன்னோக்கி உருளும்போது அதன் பின்முகம் மேல்நோக்கி ஏறுகிறது. பின்னால் வரும் காரின் முன்டயர் அதைத் தொட்டால் மேலே தூக்கி எறியப்படும். 2010இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பார்முலா 1 ஓட்டுநர் மார்க் வெப்பரின் கார் இப்படித்தான் ஆகாயத்தில் புரண்டது. அவர் காயமின்றி எழுந்து வந்தது அதிசயம்.

வளைவில் வேறொரு தொல்லை. சிறகுகள் கொண்ட கார் காற்றின் அழுத்தத்தால்தான் தரையைப் பிடிக்கிறது. முன்காரின் டயர்கள் கலக்கிவிட்ட காற்றில் அந்தப் பிடி நழுவும். 2021 வரையிலான பார்முலா 1 கார், முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் போகும்போது தன்னைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசையில் 35 சதவீதத்தை இழந்தது என்பது போட்டி அமைப்பாளர்களே சொன்ன கணக்கு. 2022இல் சக்கரத்தின் பக்கவாட்டுக்கு மூடியும், முன்டயருக்கு மேலே வளைந்த ஒரு சிறு தகடும் வந்தன. டயரின் சுழலை அடக்குவது அந்தத் தகட்டின் வேலையாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 31 அன்றும் மறுநாளும் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் விளக்கொளியில் நடந்த பார்முலா 4 பந்தயத்தில் ஓடியவையும் சக்கரம் திறந்த கார்கள்தான். அவற்றின் படம் கையில் கிடைத்தால் முன்டயருக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கவே தேவையில்லை, இரண்டு டயரும் கண்ணெதிரே நிற்கும். பாஞ்சியோ அந்தப் பீப்பாய்களில் இடித்துக் கேட்டு வாங்கியது அதைத்தான்.

(அடுத்த வாரம்: போர் விமானங்களுக்குப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் கார்கள் ஏறிய கதை)