சனிக்கிழமைச் சம்பளமும் 640 கே.பி.யும்

ஏழாயிரம்பண்ணையில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் என்னைத் தேடி ஆள் வந்தால் விஷயம் ஒன்றுதான். ஏதோ ஒரு தீப்பெட்டி ஆபீசில் சம்பளப் பட்டியல் நின்றுபோயிருக்கும். சைக்கிளில் வருகிற பையன் காரணமெல்லாம் சொல்ல மாட்டான். "அண்ணாச்சி கையோட கூட்டிட்டு வரச் சொன்னாக" என்பான். நானும் இரண்டு பிளாப்பி, ஒரு ஸ்டார் திருப்புளி, பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் ஒன்று, இவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். 1993-இல் தொடங்கி ஏழெட்டு வருஷம் என் பிழைப்பில் பாதி இந்த மூன்று சாமானில்தான் ஓடியது.

1994 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. வராந்தாவில் பெட்டி ஒட்டுகிறவர்களும் கட்டை அடுக்குகிறவர்களுமாகப் பெண்கள் நிரம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். வாரச் சம்பளத்தோடு போனஸும் சேர்ந்த பட்டியல் வரவேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தாளைக் கவ்வியபடி சும்மா நிற்கிறது. திரையில் ஒற்றை வரி: மெமரி போதவில்லை. கணக்குப்பிள்ளை என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "4 எம்.பி. போட்டிருக்குன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

போட்டது உண்மை. போதாததும் உண்மை. இதைக் கணினிப் பாஷையில் சொல்லிப் புரியவைக்க நான் ரொம்பக் காலம் தடுமாறியிருக்கிறேன். கடைசியில் பட்டாசுத் தொழிலே கைகொடுத்தது. "அண்ணாச்சி, எத்தனை ஏக்கர் வளைச்சுப் போட்டாலும் மருந்து செலுத்துற ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுல்ல? அது மாதிரிதான். நிலம் 4 எம்.பி. இருக்கு. புரோகிராம் உக்காருற ரூம் 640 கே.பி.தான்." அதற்குப் பிறகு எந்த முதலாளிக்கும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருந்ததில்லை.

அந்த ரூமின் அளவு முடிவானது 1981-இல், அமெரிக்காவில். ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை இன்டெல் 8088 சில்லை வைத்துக் கட்டியது. அந்தச் சில்லுக்கு முகவரிக் கம்பிகள் 20. இருபது கம்பியால் 10,48,576 பைட்டுக்கு மேல் எட்டமுடியாது. அதாவது ஒரு எம்.பி. அதில் மேல்பகுதி 384 கே.பி.யைத் திரைக்கும் பயாஸுக்கும் மற்ற அட்டைகளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். கீழே மிஞ்சியது 640. அன்றைக்கு அது தாராளம். பின்னால் வந்த 286, 386 சில்லுகள் எத்தனையோ மடங்கு அதிகம் எட்டின. ஆனால் பழைய புரோகிராம்கள் ஓடவேண்டுமே, அதனால் அன்றைய இயங்குதளமான டாஸ் அந்தச் சுவரை இடிக்கவில்லை. அங்கே போட்ட சுவரில் பதிமூன்று வருஷம் கழித்து எங்கள் கரிசல் காட்டுப் போனஸ் பட்டியல் முட்டிக்கொண்டு நின்றது.

இவ்வளவு சின்ன ஊரில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று அப்போது வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெயரிலேயே ஓர் எண்ணை வைத்திருக்கும் ஊர் இது. ஒரு காலத்தில் தனிப் பாளையம். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினியார் பறித்துக்கொண்டவற்றில் எங்கள் பாளையமும் ஒன்று. அதன்பிறகு நெடுங்காலம் வானம் பார்த்த பூமி, அவ்வளவுதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பெய்யாத ஊரில் குச்சி சீக்கிரம் காயும். தொழில் சிவகாசி, சாத்தூர் என்று பரவி எங்கள் பக்கமும் வந்தது. இந்தத் தொழிலில் கூலி நாள்கணக்கில் இல்லை, எண்ணிக்கையில். ஒட்டிய பெட்டி இத்தனை குரோஸ், குரோஸுக்கு 144. அடுக்கிய கட்டை இத்தனை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தது தனி, முன்பணம் பிடித்தது தனி. ஓர் ஆளுக்கே வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பதிவு விழும். சரக்கைவிடக் கணக்கு பெருத்த தொழில். 1984-இல் மத்திய அரசு கணினி இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு விலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 90களின் தொடக்கத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பூட்டிய 'அசெம்பிள்டு' பெட்டிகள் சாத்தூர் ரயிலில் வந்து இறங்கின. ஃபாக்ஸ்புரோவில் யாரோ எழுதிக்கொடுத்த கூலிக் கணக்கு, டாஸில் ஓடும் டாலி, கடிதத்துக்கு வேர்ட்ஸ்டார். ஆபீசுக்கு ஆபீஸ் இந்த மூன்றும்தான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மெம் கட்டளையை அடித்துப் பார்த்தேன். பெரிய புரோகிராமுக்கு மிச்சம் 431 கே.பி. மற்றதெல்லாம் யார் கையில் என்று பட்டியலைப் பார்த்தால், சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எல்லாம் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். மவுஸ் டிரைவர். டிஸ்க்கை இரட்டிப்பாக்குகிறேன் என்று டபுள்ஸ்பேஸ். வைரஸ் காவலுக்கு வி-சேஃப். லீவுக்கு வந்த முதலாளி மகன் கல்லூரியில் கற்றதையெல்லாம் ஆட்டோஎக்ஸெக்.பாட் கோப்பில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். டாஸும் கீழேயே முழுசாகக் குடியிருந்தது.

செய்தது நாலே காரியம். கான்ஃபிக்.சிஸ் கோப்பின் முதல் வரியாக ஹைமெம்.சிஸ், அடுத்து இ.எம்.எம்.386, அதற்குப் பக்கத்தில் 'நோ-இ.எம்.எஸ்.' என்ற சொல், பிறகு டாஸை மேலே ஏற்றும் வரி. மவுஸையும் டபுள்ஸ்பேஸையும் 'டிவைஸ் ஹை', 'லோட் ஹை' என்று மாடிக்கு அனுப்பினேன். வி-சேஃபைத் தூக்கிவிட்டேன். மறுபடி ஓடவிட்டால் 598. பிரிண்டர் தாளை இழுக்கத் தொடங்கிய சத்தத்தில் வராந்தாவே எழுந்து நின்றது.

இதில் டாஸ் ஏறி உட்காரும் 'மேல்' என்ற இடத்துக்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. 286 சில்லில் ஒரு எம்.பி. எல்லைக்குச் சற்று மேலே 65,520 பைட்டை மட்டும் பழைய முறையிலேயே தொடமுடிந்தது. இருபத்தொன்றாவது கம்பி, அதாவது ஏ-20, திறந்திருந்தால் போதும். ஆனால் அது திறந்திருந்தால் சில பழைய புரோகிராம்கள் தடம்புரளும். அதனால் 1984-இல் ஐ.பி.எம். அதற்கு ஒரு கதவு வைத்தது. கதவின் சாவியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கீபோர்டைக் கவனிக்கும் சில்லில். அதில் ஒரு முனை சும்மா கிடந்ததாம்! விறகுப்புரைத் தாழ்ப்பாளை அடுப்படியிலிருந்து இழுப்பது போல. சில மதர்போர்டுகளில் கணினி எழும்போதே 'ஏ-20-ஐக் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று ஹைமெம் புலம்புவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த இடத்தை எல்லோருக்கும் எட்டும்படி செய்தது 1991-இல் வந்த எம்.எஸ்-டாஸ் 5. 1993-இல் டாஸ் 6-உடன் மெம்மேக்கர் வந்தது. அது தானாகவே கணினியை நிறுத்தி எழுப்பி, யாரை எங்கே உட்காரவைப்பது என்று ஆயிரக்கணக்கில் கூட்டிக்கழித்துப் பார்த்ததாகப் பீற்றிக்கொள்ளும். பாதி நேரம் நல்ல முடிவு கொடுக்கும். மீதி நேரம் இருட்டுத் திரையோடு நின்றுவிடும். நான் கையால் அடுக்குவதையே நம்பினேன். கர்வம்தான், மறுக்கவில்லை.

அந்தக் கர்வத்துக்கு ஒரு முறை நல்ல அடி விழுந்தது. கலர் மானிட்டர் உள்ள கணினியில், கறுப்பு வெள்ளைத் திரைக்கென்று ஒதுக்கிய 32 கே.பி. வீணாகக் கிடக்கும். பி000 முதல் பி7எஃப்எஃப் வரை என்று இ.எம்.எம்.386-க்குச் சொல்லிக்கொடுத்தால் அதையும் வளைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டாசு ஆபீசில் பேச்சு சுவாரசியத்தில் இதை நான் அடித்துவிட்டேன். அங்கே இருந்ததோ ஹெர்குலிஸ் அட்டை போட்ட பச்சைத் திரை. அது படம் வரைகிற இடமே அந்த 32 கே.பி.தான். கணினி எழுந்ததும் திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி குப்பை எழுத்து. "என்னப்பா, புஸ்வாணம் விடுது?" என்றார் முதலாளி. பிளாப்பி போட்டு எழுப்பி, அந்த வரியை எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்குக் கூலி கேட்கவில்லை.

'மெமரி கூட வாங்கிப் போட்டுவிடலாமே' என்று இன்றைக்குப் படிப்பவர்களுக்குத் தோன்றும். 1993 ஜூலை 4-ஆம் தேதி ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை ஒன்று வெடித்துத் தீப்பற்றியது. சில்லுகளை மூடி வார்க்கும் எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களில் மெமரி விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. எங்கோ ஒரு ஆலை வெடித்தால் எங்கோ ஒரு கடையில் விலை ஏறும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் ஜப்பான்காரன் ஆலைக்கு ஏழாயிரம்பண்ணை காசு கட்டுவது எனக்கே புதிது. அதிலும் 30 பின் சிம் அட்டைகளை 486-இல் நாலு நாலாகத்தான் போடமுடியும். ஒன்று பழுதானால் கூட்டமே படுத்துவிடும். அப்போதுதான் அந்த ரப்பர். அட்டையைக் கழற்றி, அதன் விளிம்புத் தகடுகளை மெதுவாகத் தேய்த்துத் தூசி தட்டி மறுபடி செருகினால் பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும். புது நாலு அட்டை வாங்குகிற காசில் ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கலாம் என்று இருந்த நாளில், நாலணா ரப்பருக்கு இருந்த மரியாதை கொஞ்சமில்லை.

விண்டோஸ் வந்த பிறகு தலைவலி வேறு பக்கம் திரும்பியது. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு விலைப்பட்டியலும் கோரல்டிராவில் போடும் கடைகள் முளைத்தன. 4 எம்.பி.யில் விண்டோஸ் 3.1-ஐ ஓட்ட, டிஸ்க்கை முதலில் டிஃப்ராக் செய்து, தொடர்ச்சியாக ஓர் இடம் பிடித்து, அதை நிரந்தர ஸ்வாப் கோப்பாக வைப்பேன். ஸ்மார்ட்டிரைவ் தன் பங்காக டாஸில் 1024 கே.பி.யும் விண்டோஸில் 512-ம் வைத்துக்கொள்ளும்; அவற்றை 512, 256 என்று பாதியாக்குவேன். அப்படியும் ஒரு கடையில் மெமரி இல்லை, மெமரி இல்லை என்று அடம். பார்த்தால் திரையின் பின்னணியில் முழு அளவு முருகன். 640-க்கு 480 புள்ளி, 256 வண்ணம். முருகன் மட்டும் 300 கே.பி. எடுக்கச் சொன்னேன். "முருகனை எறக்கினாத்தான் வண்டி ஓடுமா தம்பி?" என்று முகம் சுருங்கிவிட்டது கடைக்காரருக்கு. நான் வாதாடவில்லை. தமிழ் எழுத்துருக்களில் பயன்படாத நாற்பதைக் கழற்றினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்த காலம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடித்தான் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்கு முன் யார் எந்தக் கோப்பைக் கொண்டுவந்தாலும் திறக்கவேண்டுமென்று கடைக்காரர்கள் கிடைத்த எழுத்துருவையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார்கள். விண்டோஸ் 3.1 படம் வரையும் சாமான்களை வைத்துக்கொள்ளும் பெட்டி வெறும் 64 கே.பி. எவ்வளவு ரேம் போட்டாலும் அந்தப் பெட்டி பெருக்காது. அது நிரம்பினாலும் திரையில் வருவது அதே 'மெமரி போதவில்லை'தான். முருகன் இருந்த இடத்திலேயே இருந்தார். வண்டி ஓடியது.

ரேம் இரட்டிப்பாகும் என்று ஒரு மென்பொருளும் வந்தது, 1995-இல், சாஃப்ட்ரேம்95 என்று. ஆறு லட்சத்துக்கும் மேல் விற்றதாகக் கணக்கு. பிரித்துப் பார்த்தவர்கள் அது ஒன்றுமே சுருக்கவில்லை என்று அம்பலப்படுத்தினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. என்னிடமும் ஒரு பிளாப்பி வந்தது. போட்டுப் பார்த்து, அதை அழித்து, மேலே கூலிக் கணக்கை பேக்கப் எடுத்துவைத்தேன். பிளாப்பி நல்ல பிளாப்பி.

1996-இலிருந்து மெமரி விலை சரிந்தது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கத்தால் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. விண்டோஸ் 98-இல் சிஸ்டம்.ஐ.என்.ஐ. கோப்பில் ஸ்வாப்பைக் கடைசிவரை தொடாதே என்று ஒரு வரி, வி-கேஷுக்கு உச்சவரம்பு ஒரு வரி. எக்ஸ்பியில் பேஜ்ஃபைலை ரேமைப்போல் ஒன்றரை மடங்கு வை என்று ஒரு வாய்ப்பாடு. இதையெல்லாம் பள்ளிக்கூடப் பையன்களே செய்துகொண்டார்கள். என்னைத் தேடி சைக்கிள் வருவது நின்றது. இப்போது சிசிடிவி மாட்டுகிறேன்.

போன வருஷம் அதே ஆபீசிலிருந்து ஒரு போன். லீவுக்கு வந்து வி-சேஃப் ஏற்றினாரே, அந்த மகன்தான் இப்போது முதலாளி. பழைய வருஷங்களின் வைப்புநிதிக் கணக்கு வேண்டும், பழைய ஃபாக்ஸ்புரோ கோப்பை எப்படியாவது திறக்கவேண்டும் என்றார். 16 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பில், பழைய டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸை இறக்கி, கோப்புகளை உள்ளே வைத்தேன். கறுப்புத் திரையைப் பார்த்ததும் கை தானாக மெம் என்று தட்டியது.

632 கே.பி. காலி.

எந்த வரியும் எழுதாமல், யாரையும் மாடிக்கு அனுப்பாமல். நிஜக் கணினியில் நான் எடுத்த உச்சம் 618. அதற்கு ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்.

"என்னண்ணே, மெமரி பத்தலையா?" என்றார் முதலாளி.

"பத்தும்" என்று சொல்லிவிட்டு ஃபாக்ஸ்புரோவைத் திறந்தேன்.