சுந்தரலிங்கம், செல்லப்பா

செல்லப்பா சுந்தரலிங்கம் (19 ஆகஸ்ட் 1895 – 11 பெப்ரவரி 1985) இலங்கைத் தமிழ் அரசியல்வாதி, கணிதப் பேராசிரியர், சட்டத்தரணி. வவுனியாத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினர். டி. எஸ். சேனநாயக்கவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக வாணிப அமைச்சராக இருந்தார். இலங்கைத் தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்ட முதல் அரசியல்வாதியாகவும் அவரைக் குறிப்பிடுவர். 'அடங்காத் தமிழன்' என்ற பெயரால் அவரை அறிந்தவர்களே அதிகம். அடங்காப்பற்று என்று பழைய ஏடுகள் சொல்லும் வன்னியின் பிரதிநிதிக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய் அவருடைய ஊர். உடன்பிறந்தவர்களில் செ. நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசராகி, 1954இல் சிறிது காலம் மகாதேசாதிபதிக்குப் பதிலாகவும் கடமையாற்றினார். சுந்தரலிங்கம் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். பிறகு ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்குச் சென்று கணிதத்தில் உயர்ந்த சித்தி பெற்றார். 1920இல் சிவில் சேவையில் சேர்ந்தார். அந்நாளில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் பிள்ளைக்கு ஆசைப்படக்கூடிய உச்சமான உத்தியோகம் அதுதான். அதை அவர் விரைவிலேயே உதறிவிட்டு, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியின் உப அதிபரானார். பௌத்த மறுமலர்ச்சியின் பிள்ளையாகப் பிறந்த கல்லூரி அது. அங்கே ஒரு சைவத் தமிழர் உப அதிபராக இருக்க முடிந்தது. அதில் யாருக்கும் வியப்பும் இருக்கவில்லை. இலங்கை அரசியலின் பிற்காலத்தை அறிந்தவர்கள் இந்தச் செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் முதல் கணிதப் பேராசிரியரானார். 1940 வரை அங்கேயே கற்பித்தார். பின்னாளில் கணித இயற்பியலில் பெயர்பெற்ற சி. ஜே. எலியேசர் அவர் காலத்தில் அங்கு படித்தவர்.

பேராசிரியராக இருந்தபோதே சிங்களத் தலைவர்களோடு நெருங்கிப் பழகினார். டொனமூர் யாப்பின்படி அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே அமைச்சர். 1936இல் அமைந்த மந்திரிசபையில் அந்த எழுவரும் சிங்களவராகவே இருந்தார்கள். எந்தக் குழுவில் எத்தனை பேரை நிறுத்தினால் பெரும்பான்மை கிடைக்கும் என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் சுந்தரலிங்கமே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தமிழ் அரசியல் மேடைகளில் இந்தப் பழி வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. இனவாரியாக ஆசனம் கேட்டுப் பேரம் பேசுவதைவிட, நம்பத்தக்க சிங்களத் தலைவர்களோடு கூடி வேலை செய்வதே தமிழருக்கு நல்லது என்று அக்காலத்தில் அவர் எண்ணியிருந்தார். பின்னாளைய கோபத்தின் அளவை அறிய வேண்டுமானால் இந்த நம்பிக்கையின் அளவை முதலில் அறிய வேண்டும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் உரும்பிராயைச் சேர்ந்த இந்தப் பேராசிரியர் குடாநாட்டில் நிற்கவில்லை. வவுனியாவில் சுயேச்சையாக நின்றார். அந்தத் தொகுதி உருவான விதமே ஒரு கணக்குத்தான். சோல்பரி யாப்பின்படி மாகாணங்களுக்கு ஆசனம் பங்கிடுகையில் 75,000 பேருக்கு ஒன்று என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்றும் சேர்த்தார்கள். சனம் குறைந்து காடு நிறைந்த பகுதிகளில் சிறுபான்மையினருக்கு இதனால் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது எண்ணம். வட மாகாணத்துக்கு 9 ஆசனங்கள் வந்தன. அவற்றில் மன்னாருக்கு ஒன்றும் வவுனியாவுக்கு ஒன்றும் ஒதுக்கப்பட்டன. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் 25,000 பேர்கூட இருக்கவில்லை. தலையை மட்டும் எண்ணியிருந்தால் அதற்குத் தனி ஆசனம் கிடைத்திராது. குளமும் காடும்தான் அதைப் பெற்றுக்கொடுத்தன.

அந்த மாவட்டம் இன்றைய வவுனியாவோடு முடிந்துவிடவில்லை. இப்போதைய முல்லைத்தீவு மாவட்டத்தின் பெரும்பகுதியும் அதற்குள் அடங்கியிருந்தது. குளத்துக்குக் கீழே வயல் செய்யும் விவசாயிகள், முல்லைத்தீவுக் கரையின் மீனவர்கள், தண்ணீரூற்று முஸ்லிம்கள், தெற்கு எல்லையின் சிங்களக் கிராமத்தவர் எல்லோரும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். மலேரியா இந்த நிலத்தை நூற்றாண்டுக்கணக்காக வெறுமையாக்கி வந்தது. 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிப்புத் தொடங்கியபிறகே குடிகள் நிலைத்துப் பெருகினார்கள். ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூல் வெளிவந்ததும் சுந்தரலிங்கம் பிறந்ததும் ஒரே ஆண்டில். அந்த நூல் காட்டும் கைவிடப்பட்ட வன்னி அவர் வாக்குக் கேட்டுப் போனபோதும் பெரிதாக மாறியிருக்கவில்லை.

தேர்தல் முடிந்தபோது 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 கிடைத்தன. சேனநாயக்கவுக்குச் சுயேச்சைகள் தேவைப்பட்டார்கள். வடக்கிலிருந்து இருவரை அழைத்தார். மன்னாரின் சி. சிற்றம்பலம் தபால், தந்தி அமைச்சரானார். சுந்தரலிங்கம் 26 செப்டெம்பர் 1947 அன்று வர்த்தக வாணிப அமைச்சராகப் பதவியேற்றார். 7 ஆசனங்களை வென்ற தமிழ்க் காங்கிரஸ் வெளியே நின்றது. சுதந்திரம் கைமாறிய 4 பெப்ரவரி 1948 அன்று அமைச்சரவையில் அமர்ந்திருந்த தமிழர் இந்த இருவருமே.

பதவி பதினான்கு மாதமளவே நீடித்தது. 1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனையால் மலையகத் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆகும் நிலை வந்தது. சுந்தரலிங்கம் அப்போது அமைச்சர். அந்தச் சட்டத்தின் பொறுப்பிலிருந்து அவரை முற்றாக விடுவிக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதா வந்தது. விடுபட்டவர்களுக்கு விண்ணப்பிக்க வழி தருவதாகத்தான் அதன் தோற்றம். ஆனால் 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள். பிறப்புப் பத்திரமே இல்லாத லயன் குடும்பங்கள் அந்தச் சான்றுகளுக்கு எங்கே போவார்கள்?

டிசம்பர் 10 அன்று இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு. அமைச்சர் சுந்தரலிங்கம் எழுந்து சபையை விட்டு வெளியே போனார். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பை மீறிய செயல் அது. பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுப்பதற்குப் பதிலாக அவர் பதவி விலகினார். அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். அவர் அரசாங்கத்தோடு நின்றார். அந்த நாளின் பிளவிலிருந்தே மறு ஆண்டு டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி பிறந்தது. கட்சியும் இயக்கமும் பின்னால் இல்லாமல், தன்னந்தனியாக அமைச்சுப் பதவியைத் தூக்கி வீசியவர் வவுனியா உறுப்பினர்.

அதன்பின் அவருடைய பாராளுமன்ற வாழ்வு விலகுவதும் திரும்புவதுமாகவே போயிற்று. தேசியக் கொடி விவகாரத்தில் வாளேந்திய சிங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சிறுபான்மையினருக்கென இரண்டு பட்டிகளை ஓரத்தில் சேர்த்தார்கள். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. சுந்தரலிங்கம் 1951இல் தன் ஆசனத்தையே துறந்தார். இடைத்தேர்தலில் வவுனியா அவரைத் திருப்பி அனுப்பியது. 1952இலும் வென்றார். தனிச் சிங்களக் கோரிக்கை நாட்டைப் பற்றிக்கொண்ட 1955இல் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்தார். அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராதவர் ஆசனத்தை இழப்பார் என்பது யாப்பின் விதி, ஆசனம் போயிற்று. மறுபடியும் இடைத்தேர்தல், மறுபடியும் வெற்றி. 1956 பொதுத் தேர்தலிலும் வென்று, தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய சபையில் எதிர்த்தரப்பில் இருந்தார்.

இதில் வவுனியா வாக்காளரின் பங்கு பெரிதாகப் பேசப்படுவதில்லை. குளக்கட்டுத் திருத்தம், வீதி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் கொழும்பை எதிர்பார்க்கும் பின்தங்கிய தொகுதி அது. அமைச்சராக இருந்த உறுப்பினர் பதவியை எறிந்துவிட்டு வருகிறார். பிறகு ஆசனத்தையும் எறிகிறார். அவருக்கே திரும்பத் திரும்ப வாக்களித்தார்கள். ஆட்சியோடு ஒட்டி நின்றால்தான் அபிவிருத்தி வரும் என்று வன்னி மக்களுக்கு இன்று அடிக்கடி உபதேசம் செய்யப்படுகிறது. அவர்களுடைய பாட்டன்மார் 1950களில் அந்த உபதேசத்தைக் கேட்டு நடக்கவில்லை.

சமஷ்டி போதும் என்று தமிழரசுக் கட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது சுந்தரலிங்கம் அதைத் தாண்டிப் போய்விட்டார். ஒரே பாராளுமன்றத்தில் எண்ணிக்கையால் எப்போதும் தோற்கப்போகும் இனத்துக்கு அந்தப் பாராளுமன்றத்துக்குள் நீதி கிடையாது என்பதே அவருடைய வாதம். 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணியை அமைத்துத் தனிநாடு கேட்டார். பிரதமர்களுக்கு எழுதிய கடிதங்களையும் பிற ஆவணங்களையும் தொகுத்து 1967இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். வாக்காளர் அவ்வளவு தூரம் கூடப் போகவில்லை. 1960 மார்ச் தேர்தலில் வவுனியாவில் தா. சிவசிதம்பரத்திடம் தோற்றார். அதோடு பாராளுமன்ற வாழ்வு முடிந்தது.

1968இல் நடந்ததை அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். இக்கட்டுரை தவிர்க்க முடியாது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் பிறகு, தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் சம உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு வந்தது. அம்மக்கள் உள்ளே போய் வழிபடாதபடி பாதையை மறித்து வாசலில் நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒக்ஸ்போர்டில் படித்த, எழுபத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த சுந்தரலிங்கம். கோயில் வழமையைக் காப்பதாக அவர் சொன்னார். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டார். விடவில்லை, இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை மேன்முறையீடு செய்தார். பிறப்பைக் காட்டிப் பிரசாவுரிமை மறுத்ததற்காக ஓர் அமைச்சைத் துறந்தவர், பிறப்பைக் காட்டிக் கோயில் வாசலை மறித்தார். இரண்டிலும் இருந்தது அதே பிடிவாதம். முதலாவதில் அது நியாயத்தின் பக்கம் நின்றது, இரண்டாவதில் அநியாயத்தின் பக்கம் நின்றது. தமிழருக்கு நாடு கேட்டவர், தமிழருக்குள் யார் யாரைச் சேர்த்துக்கொண்டார் என்ற கேள்விக்கு மாவிட்டபுரம் பதில் சொல்லிவிட்டது. 1970இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார்.

1972இல் செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்து மக்களின் தீர்ப்பைக் கேட்டார். 14 மே 1976 அன்று வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தது. சுந்தரலிங்கம் தனியாளாகக் கேட்டபோது ஏற்காதவர்கள் அவர் நின்ற இடத்துக்கு வந்து சேரப் பதினேழு ஆண்டு பிடித்தது. அதே காலத்தில் வன்னிக்கு வேறொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. தோட்டங்களில் 1970களின் பட்டினி, பிறகு 1977 கலவரம். மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு வவுனியாவைத் தளமாக வைத்து அவர்களுக்குக் காணியும் பாலும் பள்ளியும் கொடுத்தது. 1948 டிசம்பரில் யாருக்காக ஒரு வவுனியா உறுப்பினர் சபையை விட்டு வெளியேறினாரோ, அவர்களுடைய பிள்ளைகள் வன்னியின் குடிகளானார்கள். இன்றும் கிளிநொச்சிக் குடியேற்றக் கிராமங்களில் காணி உறுதி இல்லாமல் கூலி வேலைக்குப் போகிறவர்களில் பலர் அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களே.

1977 தேர்தலில் முல்லைத்தீவு தனித் தொகுதியாயிற்று. வவுனியாவில் சிவசிதம்பரம் கூட்டணியின் சார்பில் வென்றார். 1983 ஜூலைக்குப்பின் பிரிவினையைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகாமல் நின்று, ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தார்கள். 1955இல் சுந்தரலிங்கத்தின் ஆசனத்தைப் பறித்த அதே மூன்று மாதக் கணக்குத்தான். அன்று இடைத்தேர்தல் நடந்தது, 1983இல் நடக்கவில்லை. சுந்தரலிங்கம் 11 பெப்ரவரி 1985 அன்று தம் 89ஆவது வயதில் காலமானபோது வவுனியாவுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது.