மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

இன்னிக்கு ஒரே ஒரு எண்ணோட வரலாற்றைப் பார்ப்போம். கணக்குன்னதும் ஓடிடாதீங்க!

147573952589676412927.

மொத்தம் 21 இலக்கம். 2-ஐ 5 தடவை பெருக்கினா 32, அதுல 1 போனா 31. 31 ஒரு பகா எண், 1-ஐயும் 31-ஐயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. அதே மாதிரி 2-ஐ 67 தடவை பெருக்கி 1-ஐக் கழிச்சா மேலே உள்ள எண் வரும். இதுவும் பகா எண்தானா?

1644-இல் பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென், "ஆமாம்" என்று தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். கற்றவர், மதிக்கப்பட்டவர். 200 வருஷத்துக்கு மேல அது தப்புன்னு யாரும் நிரூபிக்கல.

1876-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சு கணித அறிஞர் ஒரு புதிய சோதனை வைத்து, இது பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனா எந்த எண்ணால வகுபடும்னு அந்தச் சோதனை சொல்லாது. தொழிற்சாலையில வேலை செய்யுற நமக்கு இது புரியும். மெஷின் 'ரிஜெக்ட்'னு சிவப்பு விளக்கு காட்டும், பழுது எங்கேன்னு நாமதான் தேடணும்.

தேடினவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். இந்த எண்ணை வகுக்கும் எதையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரணும் என்பது விதி. அப்படிச் சலிச்சாலும் 14 லட்சத்துக்கு மேல எண்கள் வரிசையில நிக்கும். இன்னும் பல சல்லடை போட்டுத்தான் அவர் குறைச்சார். எல்லாம் கைக்கணக்கு.

1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். அங்கே நடந்ததா கணித வரலாறு எழுதிய பெல் சொல்வது இது: கோல் ஒரு வார்த்தை பேசல. பலகையில் ஒரு பக்கம் 2-ஐ 67 தடவை பெருக்கி 1-ஐக் கழித்தார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதி, வரி வரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே. பேசாமல் போய் உட்கார்ந்தார். சபை முழுக்கக் கைதட்டல். எவ்வளவு காலம் ஆச்சுன்னு பிறகு பெல் கேட்டப்போ, மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கண்டுபிடிக்க மூணு வருஷம், சரிபார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும். இன்னிக்கு இணையத்துல நம்ம ரகசியங்களைக் காக்கும் பூட்டுகள்ல பலதும் இதே வித்தியாசத்தைத்தான் நம்பி இருக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம்.

பெரியவர் ஒருத்தர் சொன்னார் என்பதற்காக 200 வருஷம் நின்ற கணக்கு இது. கோல் "என்னை நம்புங்க"ன்னு கேட்கல, பெருக்கிக் காட்டினார். நாமும் பிள்ளைகளுக்கு அதைத்தான் பழக்கணும்: யார் சொன்னாலும் மரியாதையா கேளு, அப்புறம் கணக்குப் போட்டுப் பாரு.

பள்ளி விடுமுறையில ஹேன்போனை எடுத்து வச்சிட்டு, அந்தப் பெருக்கலைத் தாளில் போடச் சொல்லுங்க. முடிச்ச பிள்ளைகளோட படத்தைக் கீழே போடுங்க, நாம எல்லாரும் கைதட்டுவோம்.