எழுதும் உரிமையும் எழுதவொண்ணாத் தளமும்

ஒரு கோப்பின் அநுமதிக் குறிகளில் உரிமையாளர் எழுதலாம் என்று ஐயமறப் பொறித்திருந்தும், அக்கோப்பு உறையும் கோப்புத் தளம் வாசிப்புக்கு மட்டுமே என இணைக்கப்பட்டிருக்குமாயின், எழுத முயல்பவருக்கு மறுப்பே கிடைக்கிறது. இதனை அநுமதி மறுப்பின் ஒரு வகையாகவே கருதுவோர் உண்டு. அக்கருத்து பொருந்தாது என்பதும், இரண்டையும் வெவ்வேறு வினாக்களாகப் பிரித்து வைத்ததே யூனிக்ஸ் இயங்குதளத்தை வகுத்தோரின் விவேகம் என்பதும் என் துணிபு.

1975இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலில், அநுமதியைச் சோதிக்கும் சிறு செயற்கூறு, எழுத விரும்புபவர் யார் என்று நோக்குமுன்னரே, தளம் எழுதத்தக்கதா என்று நோக்குகிறது; தகாதெனில் 30ஆம் எண்ணுள்ள பிழையை விடையாகத் தந்து அங்கேயே விசாரணையை முடித்துவிடுகிறது. சர்வாதிகாரம் படைத்த ரூட் பயனரை இனங்காணும் வரி அதற்குப் பின்னரே வருகிறது. ஆதலின், அநுமதிக் குறிகளைப் பொருட்படுத்தாது எழுதவல்ல ரூட்டும் இவ்விடத்தில் சாதாரணப் பயனருக்குச் சமானமே. இந்த வரிசை தற்செயலானதன்று என்றே கருதுகிறேன்: அநுமதி என்பது ஆளுக்கும் கோப்புக்கும் உள்ள சம்பந்தம், எழுதவொண்ணாமையோ தளத்தின் அவஸ்தை. 13ஆம் பிழையாகிய அநுமதி மறுப்பைப் பெற்றவர் உரிமை கோரி நிற்கலாம். 30ஆம் பிழையைப் பெற்றவர்க்கு உரிமையால் ஆவது ஒன்றுமில்லை. அநுமதிக் குறிகளைத் திருத்துவதும் தளத்தில் எழுதுவதேயாகையால், இன்றைய லினக்ஸில் அதுவும் அதே பிழையோடு திரும்பும்.

லினக்ஸ் இம்முறையைத் தழுவியதோடு நுட்பமான ஒரு திருத்தமும் செய்தது. சாதாரணக் கோப்பு, அடைவு, குறியீட்டு இணைப்பு ஆகியவற்றுக்கே தளத்தின் தடை பொருந்தும். சாதனக் கோப்புகளும் குழாய்களும் சாக்கெட்டுகளும் அதற்கு விலக்கு. முனையத்திற்கு எழுதும் எழுத்துகள் அத்தளத்தின் வட்டில் விழுவதில்லையன்றோ? ஆறாம் பதிப்பு இவ்வேறுபாட்டைக் காணவில்லை. மேலும், 2008இல் வெளியான 2.6.26ஆம் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) முதலாக, ஒரே தளம் ஓரிடத்தில் எழுதத்தக்கதாகவும் வேறோரிடத்தில் வாசிப்புக்கு மட்டுமாகவும் இணைக்கப்படலாயிற்று.

ஆயினும் இத்தடை நிரல்களுக்கு இடப்பட்டதே தவிர, வட்டுக்கு அளிக்கப்பட்ட அபயமன்று. லினக்ஸின் எக்ஸ்ட்4 தளம் முறையாகப் பிரிக்கப்படாமல் நின்றுபோயிருந்தால், வாசிப்புக்கு மட்டும் என்று கேட்டு இணைத்தபோதிலும், கெர்னல் முதலில் ஜர்னல் என்னும் மாற்றப் பதிவேட்டை மீட்டுச் செலுத்தி வட்டில் எழுதிவிடுகிறது. தளத்தின் ஒருமைப்பாட்டைக் காப்பதற்கு இது அவசியமாயினும், நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகும் வட்டை ஆராய்வோர்க்கு இது பெருங்கேடு. அவர்கள் தளத்தின் மட்டத்தில் நின்றுவிடாது, வட்டுச் சாதனத்தையே எழுதவொண்ணாததாக்கி, ஜர்னலை ஏற்றாதிருக்கும் ‘நோலோட்’ விருப்பத்தோடு இணைத்தல் வேண்டும். அவ்விருப்பம் இன்றேல், ஜர்னலைச் செலுத்த வழியின்றிக் கெர்னல் இணைப்பையே மறுத்துவிடும்.