‘இராக்காவல்’ ஓவியத்தில் நிற்போர் யாவர்?

றெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த பெரும் படையணி ஓவியத்தை உலகம் ‘இராக்காவல்’ என அழைக்கின்றது. அதிலே இரவுமில்லை, காவற் சுற்றுமில்லை. ஓவியருக்கு நெடுங்காலம் பின்னர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே இப்பெயர் வழக்கிற்கு வந்தது. மேலே பூசிய வார்ணிசு கறுத்து அழுக்கும் படிந்திருந்தமையால், பார்த்தோர் பகலை இரவென எண்ணினர். 1946–47இல் ஓவியம் துப்புரவு செய்யப்பட்டபோது பகலொளி மீண்டும் வெளிப்பட்டது. ஓவியத்தினுள்ளேயே இதற்குச் சான்றுண்டு: முன்னே வரும் கப்டனின் நீட்டிய கையின் நிழல், அருகில் வருபவரின் மஞ்சள் அங்கியில் விழுகின்றது.

பெயர் இவ்வாறு பிழைபட்டதெனின், அதில் நிற்போரை எவ்வாறு அறிவது?

ஒல்லாந்தர் 1640இல் காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய காலத்தை ஒட்டியே, அம்ஸ்ரடாம் நகரக் காவற்படைப் பிரிவொன்று தனது மண்டபத்திற்கென இவ்வோவியத்தை வரைவித்தது. ஆயின் இவர்கள் கடல் கடந்து போரிட்ட படையினர் அல்லர். வணிகம் முதலிய தொழில்களில் ஈடுபட்ட வசதியுள்ள நகரமாந்தர். துவக்கேந்தித் தம்மை வரைவித்துக்கொள்வது அன்று அவர்தம் சமூகத் தகுதிக்கு ஓர் அடையாளம்.

முன்னிற்கும் இருவரையும் அறிவதில் இடரில்லை. கப்டன் பிரான்ஸ் பன்னிங் கொக் தமது குடும்ப ஏட்டில் இவ்வோவியத்தின் சிறு நீர்வண்ணப் பிரதியொன்றைச் சேர்த்து வைத்திருந்தார். கப்டன் தமது லெப்டினன்ற் வில்லெம் வான் ரைற்றன்பேர்க்கிடம் அணியைப் புறப்படச் செய்யுமாறு பணிக்கும் காட்சியே இது என்பது அதனுடன் உள்ள குறிப்பால் விளங்குகின்றது. ஓவியத்தின் உண்மையான பொருளை உரைக்கும் சான்று இதுவே.

ஏனையோர் பற்றிய செய்தி சிக்கலானது. பின்னணி வளைவில் உள்ள கேடயமொன்றில் 18 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவையும் பின்னர் வேறொருவராற் சேர்க்கப்பட்டவை. எப்பெயர் எம்முகத்துக்குரியது என்பதைக் கேடயம் கூறவில்லை. கடனில் மூழ்கிய றெம்பிராண்டின் சொத்து விவகாரத்தில், ஓவியத்தில் இடம்பெற்றவருள் ஒருவரான யான் பீற்றர்சன் புறொங்கோர்ஸ்ற் 1659இல் சாட்சியமளித்தார். பதினாறு பேர், ஆளுக்குச் சராசரி 100 கில்டர் வீதம் செலுத்தினர் என்றும், ஓவியத்தில் பெற்ற இடத்திற்கேற்பத் தொகை கூடியும் குறைந்தும் இருந்தது என்றும் அவர் கூறினார். முகம் முழுவதும் தெரிய நிற்பதற்கு ஒரு விலை, முன்னிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்ப்பதற்கு வேறொரு விலை! பதினெட்டுக்கும் பதினாறுக்கும் இடையிலான வேறுபாடு, தலைவர் இருவரும் தனியாகப் பணம் செலுத்தியமையால் நேர்ந்திருக்கலாம் என்பர்.

1715இல் ஓவியம் நகர மண்டபத்திற்கு மாற்றப்பட்டபோது, புதிய சுவரிற் பொருந்தும்படி நான்கு புறமும் வெட்டப்பட்டது. இடப்புறத்தில் நின்ற இருவர் முற்றாக மறைந்தனர். அதற்கு முன்னரே கெரிற் லுண்டன்ஸ் என்பார் செய்த சிறு பிரதியிலிருந்து அவ்விருவர் நின்றமையை நாம் அறிகின்றோம்.

இந்நிலையில், அம்ஸ்ரடாம் ஆவணங்களில் நீண்டகாலம் உழைத்த டுடொக் வான் ஹேல், பெயருக்குரியோரின் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டி ஓவியத்துடன் ஒப்பிட்டு, 2009இல் முகங்களுக்குப் பெயர்களைப் பொருத்திக் காட்டினார். வலப்புறத்தில் கையை நீட்டி நிற்கும் சார்ஜன் றொம்பௌட் கெம்ப் ஒரு துணி வணிகர். ஓவிய இரசனை மட்டும் இத்தகைய முடிபுகளைத் தந்துவிடாது. பதிவேடுகளைப் புரட்டும் சலிப்பான வேலையை இழிவாகக் கருதும் மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

ஓவியத்தில் முப்பதுக்கு மேற்பட்ட உருவங்கள் உள. கேடயத்தில் இடம்பெற்றோர் பணம் செலுத்தியோரே. கூலிக்கு முரசறைபவன் அங்கில்லை. கப்டனுக்கு அடுத்து மிகுதியான ஒளியைப் பெறும் பொன்னிற ஆடைச் சிறுமியும் இல்லை. றெம்பிராண்டின் மனைவி சஸ்கியாவின் சாயலை அவள் முகத்திற் கண்டோர் உளர். சஸ்கியா 1642 யூன் மாதத்திலேயே இறந்தார் என்பது இக்கருத்துக்கு ஓர் உருக்கத்தைத் தருகின்றது, ஆதாரத்தைத் தரவில்லை. அவளது இடையிலே தொங்கும் கோழியின் நகங்கள் அப்படைப்பிரிவின் சின்னத்தைக் குறிப்பன. அணியின் அடையாளத்தைச் சுமப்பவள் அவள். அணியினரின் பெயர்ப்பட்டியலில் அவளுக்கு இடமில்லை.