வெப்பமும் நெல்லும்: வெப்ப அதிர்ச்சிப் புரத ஆய்வின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் வாழ்வோர்க்குக் கச்சான் காற்றின் வெம்மை புதிதன்று. அக்காற்று வீசும் சிறுபோக மாதங்களிலேயே, கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களில் நெல் பூக்கின்றது. பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி ஒரு மணிநேரம் நீடிப்பினும் மகரந்தம் பழுதுற்று மணி பதராகலாம். ஆயினும் எல்லா நெல்லினங்களும் ஒரே அளவிற் பதராவதில்லை. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்னும் வினா உயிரியலுக்கு மட்டுமன்றி, உழைப்பின் வரலாற்றுக்கும் உரியது என்பது நமது கருத்து.

விடை தேடிய ஆய்வு நெல்லில் தொடங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் இத்தாலிய அறிஞர் பெருச்சியோ ரித்தோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களை ஆராய்ந்து வந்தார். உடன் பணியாற்றிய ஒருவர் அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தை உயர்த்திவிட, நிறமூர்த்தங்களில் அதுவரை காணாத வீக்கங்கள் தோன்றின. முக்கியத்துவம் அற்றதென ஓர் ஆய்விதழ் தம் கட்டுரையைத் திருப்பியனுப்பியதாக அவரே பின்னர் கூறியுள்ளார். 1962இல் வேறோர் இதழ் அதனை வெளியிட்டது. (எது ஆய்வுக்குரிய பொருள் என்பதைத் தீர்மானிப்போர் யாவர் என்ற வினா இலக்கிய மாணவராகிய நமக்கும் பழக்கமானதே.) அவ்வெப்பத்தால் புதிய புரதங்கள் உருவாவதை 1974இல் தீசியேரும் உடனாய்வாளரும் காட்டினர். 1981இல் ஜோ கீ குழுவினர் சோயா நாற்றுகளிலும் அவற்றைக் கண்டனர்.

வெப்பம் மிகும்போது கலத்திலுள்ள புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன; முட்டையின் வெண்கரு வேகும்போது நிகழ்வதும் இதுவே. சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குலைந்தவற்றைப் பற்றிக்கொண்டு திரளாது காக்கின்றன. எச்.எஸ்.பி. 70 அவற்றை மீள மடிக்க உதவுகின்றது. எச்.எஸ்.பி. 101 ஏற்கெனவே திரண்டவற்றைப் பிரித்தெடுக்கின்றது. வறட்சி, உவர் முதலியவற்றின்போதும் இக்குடும்பத்துப் புரதங்கள் பல பெருகுகின்றன.

40 பாகையில் முன்னர் சிறிது நேரம் வைக்கப்பட்ட சோயா நாற்று, கொல்லவல்ல 45 பாகையையும் தாங்கிநின்றது. முற்போக்காளர் இங்கு நிதானிக்க வேண்டும். தாவரம் அடைந்த இயல்பு அப்படியே வழித்தோன்றல்களுக்குச் சேரும் என்ற லைசென்கோவின் கொள்கை 1948இல் சோவியத் நாட்டில் அரச ஆணையாகவே ஆயிற்று. மரபியலாளர் பலர் பதவியிழந்தனர். நாற்று பெற்ற தாங்குதிறனோ சில நாட்களில் தேய்ந்துவிடுவது. விதைவழி உறுதியாகத் தொடர்வது, வெப்பத்துக்கு எதிர்வினையாற்றும் ஆற்றலே. அவ்வாற்றல் இனத்துக்கு இனம் வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்தே தெரிவு நடைபெறுகின்றது. உயிரியும் சூழலும் கொள்ளும் இயங்கியல் உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தெரிந்தவர் யார்? வட இந்திய உழவர் வழிவழிப் பயிரிட்ட நெல்லினின்று நாகினா ஆய்வு நிலையத்திற் பிரித்தெடுக்கப்பட்டது நாகினா 22. ஜகதீஷ் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 38 பாகையில் இவ்வினத்தின் பூக்களில் 71 விழுக்காடு வளமுற்றன, ஐ.ஆர். 64இல் 48, மொரொபெரெகானில் 18 மட்டுமே. நாகினா 22இன் மகரந்தக்கூடுகளில் ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதம் மிகுந்திருந்தது. ஐ.ஆர். 64இல் அது குறைவு. மொரொபெரெகானில் அத்தகைய பெருக்கமே இல்லை. அவ்வுழவர் புரதம் என்ற சொல்லை அறியார். வெக்கையிலும் மணிபிடித்த கதிரினின்று மறுபோகத்துக்கு விதையெடுத்தனர். பசுமைப் புரட்சி அத்தகைய எண்ணற்ற இனங்களை வயல்களினின்று அகற்றி விதைக் களஞ்சியங்களுக்குள் ஒதுக்கியது. அங்குள்ள விதை எவருக்கு உடைமை என்பதே இன்றைய வழக்கு.

இப்புரதங்களே முழு விடையென்பதற்கில்லை. வெயில் ஏறுமுன் காலையிலேயே பூத்துத் தப்பும் நெல்வகைகளும் உள. அவற்றுட் சில காட்டு நெல்லினங்கள்.