தொலைபேசிக்கு ஓர் இடம்



பந்தியில் அமர்ந்து உண்ணும் ஒழுங்கு, நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நற்பழக்கங்களுள் ஒன்றாகும். மூத்தோர் உண்ணத் தொடங்கும்வரை இளையோர் காத்திருப்பர். அருகிலிருப்பவர் உண்டு முடிக்குமுன் எழுந்துவிடுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். எழவேண்டிய அவசியம் நேர்ந்தால், பக்கத்திலிருப்பவரிடம் ஒரு சொல் சொல்லி, அவர் இசைவு பெற்ற பின்னரே எழுவர். இவ்விதிகளை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை. எந்த நீதிமன்றமும் காக்கவில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அவை நின்று நிலவின.

இன்று அதே பந்தியில், இலைக்கு இடப்புறத்தே ஒரு புதிய பொருள் வந்து அமர்ந்திருக்கிறது. வலக்கை சோற்றிலிருக்க, இடக்கை கையடக்கத் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறது. உண்பவரின் உடல் பந்தியில் இருக்கிறது. உள்ளமோ எழுந்து போய்விட்டது. எழுந்து போனவர் யாரிடமும் இசைவு கேட்கவில்லை.

இதனை இக்கால இளைஞரின் குற்றம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், இப்பிரச்சினைக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போமாயின், குற்றம் எங்கே தொடங்கியது என்பதோடு, அதற்கு மாற்று எது என்பதும் விளங்கும்.

1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பார் அடுத்த அறையிலிருந்த தம் உதவியாளர் வொற்சனைக் கம்பி வழியாக அழைத்தார். மனிதன் பேசிய சொல் மின்சாரத்தின் வழியே விளங்கக் கேட்ட முதல் வேளை அதுவே. அடுத்த வேளையிலிருந்தே மரியாதை பற்றிய வினாக்களும் எழலாயின. முகம் காணாத ஒருவரை எவ்வாறு விளித்தல் தகும்? கப்பலோட்டிகள் கூவும் 'அஹோய்' என்னும் சொல்லைப் பெல் விரும்பினார். 1877ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் 'ஹலோ' என்னும் சொல்லை எடுத்துரைத்தார். எடிசனின் சொல்லே உலகை வென்றது.

1878ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கனெக்ரிக்கற் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் வணிகமுறையிலான முதலாவது தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது. அக்காலத்து நிலையங்களில் இணைப்பு வழங்கும் பணிக்கு, தந்தி நிலையங்களிற் பழகிய சிறுவர்களை அமர்த்தினர். அவர்கள் சுறுசுறுப்பு மிக்கவர்கள், நாவடக்கமோ குறைந்தவர்கள். அழைத்தவரைக் கேலி செய்தார்கள், ஏசவும் செய்தார்கள். முறைப்பாடுகள் மலிந்தன. ஆகவே அதே ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாம் நாள், பொஸ்டன் நகரில் எம்மா நற் என்னும் பெண்மணி அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். அவரே உலகின் முதலாவது பெண் தொலைபேசி இணைப்பாளர் எனப்படுகிறார். இன்குரலும் பொறுமையும் இன்றித் தொலைபேசித் தொழில் நிலைக்காது என்பதை நிறுவனத்தார் இரண்டே ஆண்டுகளில் உணர்ந்துகொண்டனர்.

இக்காலத்து ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. தொலைபேசியை உலகுக்கு அளித்த பெல், தாம் சிந்தித்து எழுதும் அறையினுள்ளே அக்கருவியை வைத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு இடையூறாகும் என்பதே காரணம். அவர் தொலைபேசியை வெறுத்தவரல்லர். அது இருக்க வேண்டிய இடம் எது என்பதை அறிந்திருந்தார். 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள் அவர் காலமானார். அவரை அடக்கஞ்செய்த வேளையில், வட அமெரிக்காவின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் ஓய்ந்திருந்தன. அக்கருவியைத் தந்தவருக்கு அக்கருவியின் மௌனமே அஞ்சலியாயிற்று.

'கருவிக்கு ஓர் இடம்' என்னும் இச்சிந்தனையைப் பெல்லினும் ஆழமாக ஆராய்ந்த மக்கட் கூட்டம் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் எனப்படும் கிறித்தவ உழவர்களே அவர்கள். 1910ஆம் ஆண்டளவில் அவர்களிடையே தொலைபேசி பற்றிப் பெரும் விவாதம் மூண்டது. சிலர் தம் வீடுகளில் அதனைப் பொருத்தியிருந்தனர். சமயப் பெரியோர் நெடிது ஆலோசித்து, வீட்டினுள் தொலைபேசி கூடாது என்று முடிவு செய்தனர். அயலவர் ஒருவரையொருவர் நேரிற் சென்று காணும் வழக்கம் அருகிவிடும், வம்புரை பெருகும், குடும்பம் கூடியிருக்கும் வேளையை வெளியுலகம் குலைத்துவிடும் என்றெல்லாம் அவர்கள் அஞ்சினர். அம்முடிவை ஏற்காத சிலர் பிரிந்தும் போயினர்.

ஆனால், நோயாளிக்கு வைத்தியரை அழைக்கவும், தீ விபத்துக்கு உதவி கோரவும் தொலைபேசி தேவைப்பட்டது. எனவே பிற்காலத்தில் அவர்கள் ஓர் இணக்கம் கண்டனர். வீட்டிற்கு வெளியே, வயலோரத்தில் சிறு குடில் ஒன்று அமைத்து, அதனுள்ளே தொலைபேசியை வைத்தார்கள். பல குடும்பங்கள் அதனைப் பொதுவிற் பயன்படுத்தின. தேவையுள்ளவர் நடந்து சென்று பேசிவிட்டு வருவார். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தை அது கூவியழைக்காது. அவர்களுடைய சமயக் கட்டுப்பாடுகள் நமக்கு உரியவையல்ல. எனினும் அவர்கள் கேட்ட வினா நமக்கும் உரியதே. 'இக்கருவி வேண்டுமா?' என்று கேட்டதோடு அவர்கள் அமையவில்லை. 'வேண்டுமாயின் அது எங்கே இருத்தல் வேண்டும்?' என்றும் கேட்டார்கள்.

பிற நாட்டார் இவ்வாறு ஆராயாது விட்டபோதிலும், அவர்களுக்காகக் கம்பி ஆராய்ந்து வைத்தது. பழைய தொலைபேசி சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் வீட்டின் முன்புறத்திலோ நடைவழியிலோ அது நிற்கும். மணி ஒலித்தால் ஒருவர் எழுந்து போகவேண்டும். எழும்போது மற்றவர்களை நோக்கி ஏதேனும் சொல்லிவிட்டே எழுவார். பேசி முடித்துத் திரும்பியதும், இன்னார் பேசினார், இன்ன செய்தி என்று கூறுவார். பந்திக்குரிய பழைய மரியாதை, கம்பியின் துணையால் தானாகவே காக்கப்பட்டது.

இவ்விடத்தில் நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய பின்னர், வானொலியும் சாப்பாட்டு நேரத்தில் வீடுகளுக்குள் நுழைந்த அழையா விருந்தாளியே. இரவுச் செய்தி வேளையில் பேச்சை நிறுத்தச் சொன்ன தந்தையர் பலர். ஆயினும் வானொலிக்கு வீட்டில் ஓர் இடம் இருந்தது. அலமாரியின் மேலோ தனி மேசையிலோ அது இருந்தது. அது பேசியதை எல்லோரும் ஒருங்கே கேட்டனர். கேட்டதைப் பற்றித் தமக்குள் உரையாடினர். கையடக்கத் தொலைபேசியோ ஒருவரோடு மட்டுமே பேசுகிறது. அருகிலிருப்பவர் புறத்தே நிற்கிறார்.

கம்பி அறுந்த கதைக்கு இனி வருவோம். 1973ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆம் நாள், மோட்டரோலா நிறுவனப் பொறியியலாளர் மார்ட்டின் கூப்பர், நியூயோர்க் நகரத் தெருவில் நின்றபடி, கையிலேந்திய தொலைபேசியால் போட்டி நிறுவனமான பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோயல் எங்கலை அழைத்தார். அக்கருவியின் எடை ஒரு கிலோகிராமுக்கும் சற்று அதிகம். அதன் வழிவந்த கருவி பத்தாண்டுகளின் பின் சந்தைக்கு வந்தபோது, அதன் விலை 3,995 டொலர். அரைமணி நேரம் பேசினால் அதன் மின்கலம் ஓய்ந்துவிடும். அத்தகைய கருவி சாப்பாட்டு மேசைக்கு இடையூறாகும் என்று அன்று எவரும் அஞ்சியிருக்க மாட்டார்.

நம் இலங்கைக்கு இச்சேவை 1989ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தெற்காசியாவில் கையடக்கத் தொலைபேசிச் சேவை முதன்முதலில் தொடங்கிய நாடு நம்முடையதே. 1992ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்திலே முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அது நத்தார் வாழ்த்து ஒன்று. சிறு நிகழ்ச்சிபோல் தோன்றினும், பந்தி மரியாதையைப் பொறுத்தவரை அது பெருந்திருப்பம். குரலால் வரும் அழைப்பு எல்லோர் காதிலும் விழும். ஆகவே அதற்கு ஒரு மன்னிப்பாவது கேட்க நேரிடும். எழுத்தால் வரும் செய்தி ஓசையின்றி வரும். ஓசையின்றியே அதற்கு விடையளிக்கலாம். 2007ஆம் ஆண்டின் பின் தொடுதிரைத் தொலைபேசிகள் பரவியபோது, செய்தித்தாளும் படமும் விளையாட்டும் சந்தையும் அச்சிறு கண்ணாடியினுள் வந்து குவிந்தன. கருவிக்கென இருந்த இடம் முற்றாக மறைந்தது. இடம் மறைந்தபோது, இடத்தைச் சார்ந்து நின்ற மரியாதையும் தளர்ந்தது.

உலகம் வாளாவிருந்துவிடவில்லை. நாடக அரங்குகளிலும் கலைக்கூடங்களிலும் நிகழ்ச்சி நடைபெறும் வேளையில் தொலைபேசி ஒலிக்கலாகாது என 2003ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரசபை சட்டம் இயற்றி, மீறுவோருக்கு 50 டொலர் தண்டம் விதித்தது. நகர முதல்வர் மறுத்தும், சபை அதனை நிறைவேற்றியது. பிரான்ஸ் நாடு 2018ஆம் ஆண்டில் ஆரம்பப் பாடசாலைகளிலும் கீழ்நிலை இடைநிலைப் பாடசாலைகளிலும் மாணவர் தொலைபேசி பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. யப்பானியரோ வேறு வழி சென்றனர். ஒலியின்றி வைக்கும் நிலைக்கு அவர்கள் இட்ட பெயரே 'மரியாதை நிலை' என்று பொருள்படுவது. புகையிரதத்தில் ஏறியதும் தொலைபேசியை அந்நிலையில் வைத்து, பேசாது தவிர்க்குமாறு அறிவித்தல் ஒலிக்கும். மக்கள் பெரும்பாலும் அதற்கு இணங்குவர்.

மேசைமீது தொலைபேசி இருப்பதனால் உண்மையிலேயே தீங்கு உண்டா என அறிஞரும் ஆராய்ந்தனர். கனடாவின் வன்கூவர் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர், முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை, நண்பரோடும் உறவினரோடும் சிறு குழுக்களாக உணவகமொன்றில் உண்ணச் செய்தனர். ஒரு சாரார் தொலைபேசியை மேசைமீது வைத்திருந்தனர். மறுசாரார் கண்ணிற் படாது வைத்துவிட்டனர். மேசைமீது வைத்திருந்தோர், தம் கவனம் சிதறியதாகவும் அவ்வேளையைக் குறைவாகவே சுவைத்ததாகவும் தெரிவித்தனர். 2018ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு காட்டிய வேறுபாடு பெரிதன்று, ஆயினும் இருந்தது.

அவ்வாய்வு சொல்லாத ஒன்றை என் வீட்டிலே யான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, என் தந்தையார் உணவு வேளையில் 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வடபுலத்தைத் தாக்கிய சூறாவளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவ்விரவில் கூரை பறந்த வீட்டிலிருந்து தம் தாயாரைத் தூக்கிக்கொண்டு வெளியேறியதுவரை சொல்லியிருந்தார். அப்போது என் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மறுநாட் கூட்டம் ஒன்று அரைமணி நேரம் பிந்தும் என்பது செய்தி. தலை நிமிர்ந்து, "சொல்லுங்கோ ஐயா" என்றேன். "ஒண்டுமில்லைத் தம்பி, நீ உன்ரை வேலையைப் பார்" என்று சொல்லிக் கைகழுவ எழுந்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. தொலைபேசியைப் பைக்குள் வைக்கும்படி ஆயிரம் மாணவருக்குச் சொல்லும் அதிபராகிய எனக்கு அதனைச் சொல்ல அவர் கூசினார் போலும். அவர் இன்று இல்லை. அக்கதையின் மறுபாதி எனக்குத் தெரியாது.

நேயர்களே, இதன் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. நம்முட் பலருக்குப் பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். நமக்கு இராச்சாப்பாட்டு வேளை. ரொறன்ரோவில் இருப்போருக்கு முற்பகல். மகள் அழைக்கும்போது சோற்றுக் கையோடு ஓடும் தாயை மரியாதையற்றவள் என்று யார் சொல்லத் துணிவார்? போர்க்காலத்தில் தொலைபேசி இணைப்பின்றி, கடிதத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த ஊர்களுக்கு, அம்மணியோசையின் அருமை நன்கு தெரியும். தொலைவிலிருப்பவருக்கும் நம்மீது உரிமை உண்டு. ஆனால், அவ்வழைப்பையும் பந்திக்கு வெளியே வைக்காது, 'தங்கச்சி பேசுகிறாள்' என்று எல்லோருக்கும் சொல்லி, யாவரும் ஒரு சொல் பேசவைக்கும்போது, அவளும் பந்தியில் ஒருத்தியாகிறாள். ஒளித்துப் பார்க்கும் செய்திக்கும் சொல்லி ஏற்கும் அழைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே வரலாறு நமக்குத் தரும் பாடம் எளியது. அன்று கம்பி கொடுத்த இடத்தை இன்று நாமே கொடுத்தல் வேண்டும். உண்ணும் வேளையில் வீட்டாரின் தொலைபேசிகள் எல்லாம் வாசலருகே ஒரு தட்டிலோ அலமாரியிலோ இருக்கட்டும். வீட்டுத் தலைவருடையது முதலில் அங்கே போகட்டும். அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர் இலை போடுமுன்னரே அதனைச் சொல்லிவிடட்டும். அழைப்பு வந்தால் இசைவு கேட்டு எழுந்து, வெளியே சென்று பேசி, விரைவில் திரும்பட்டும். பிறர் வீட்டு விருந்திலும், மணப்பந்தியிலும், மரண வீட்டிலும் இதுவே முறையாகட்டும்.

இவ்வுரை முடிந்ததும் உங்களிற் பலர் இராச்சாப்பாட்டுக்கு அமர்வீர்கள். வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாராயின், பாதியில் நின்ற பழங்கதை ஒன்றை அவரிடம் கேளுங்கள். தொலைபேசியைத் தட்டில் வைக்கும்போது, இவ்வானொலிப் பெட்டியையும் சற்று அணைத்துவிடலாம். நாங்கள் மனம் வருந்தமாட்டோம்.